சர்க்கரை இல்லாமல் இனித்த டீ

எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தக் கருத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. வேலை பார்த்த காலம் முழுக்க அதை வைத்துத்தான் சோறு தின்றேன். அதை எடுத்துப் பஞ்சுமிட்டாய் சுற்றி விற்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பின்னிங்கில் நூல் அடிக்கடி அறுகிறது என்று புகார் வந்தால், புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவன் நேராக அந்த மெஷினிடம் போவான். நாங்கள் பின்னோக்கி நடப்போம். போன வாரம் மிக்ஸிங்கில் எந்தப் பஞ்சு சேர்ந்தது, பஞ்சைச் சீவும் கார்டிங்கில் கம்பி தேய்ந்திருக்கிறதா, மேற்கே மலையில் மழை விட்ட பிறகு அறைக்குள் ஈரப்பதம் என்ன ஆனது. குற்றவாளி பெரும்பாலும் அறுந்த இடத்தில் இருக்க மாட்டான். எது எதைத் தொடுகிறது, எந்த வழியாகத் தொடுகிறது, எவ்வளவு காலம் கழித்துத் தொடுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் பிடிபடுவான். மூன்றாவது கேள்விதான் கடினம். காரணமும் விளைவும் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. அதனால்தான் எனக்குத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் வந்தது. ஆற்றில் முதல் தண்ணீர் வந்த நாள், சந்தைக்கு முதல் சப்பட்டை மாம்பழம் வந்த நாள், தெருவில் குழாய்த் தண்ணீர் நின்ற நாள் என்று இன்றும் எழுதுகிறேன். யாரும் கேட்டதில்லை.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மைத்துனன், வ. புதுப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். சில வருடங்களாக அவன் ஒரு பேச்சாளரின் பின்னால் சுற்றுகிறான். அந்த மனிதர் முன்பு இன்ஜினியராக இருந்தவராம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து, விஞ்ஞானத்துக்கும் ஆன்மிகத்துக்கும் பாலம் போடுகிறார். திரையில் முதலில் அணு வரும், பிறகு அண்டம் வரும், நடுவில் ஒரு சிலந்தி வலை வரும். எங்கோ ஒரு பட்டாம்பூச்சி இறகடித்தால் இன்னொரு கண்டத்தில் புயல் அடிக்கும் என்பார். கூட்டம் பெருமூச்சு விடும். பட்டாம்பூச்சி ஏன், எப்படி, எந்தக் காற்றில் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் பெருமூச்சு நின்றுவிடும்.

"அத்தான், ஒருக்கா முழுசா ஒக்காந்து கேளுங்க. அய்யா சயின்ஸையும் சாமியையும் ஒண்ணாக் கட்டிருவாக" என்பான் மைத்துனன்.

"கட்டுறது சரி மாப்ள. எதை வச்சுக் கட்டுதாரு?"

"ஒங்களுக்கு எல்லாத்துலயும் நக்கல்."

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போடுவார்கள். அதில் டின் டின்னாக ஒரு மூலிகைப் பொடி இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் டீ மாதிரி சிவக்கும். சர்க்கரை போடாமலே இனிக்கும். அந்தப் பொடியை அரைத்து டின்னில் அடைப்பது மைத்துனன்தான், கொப்பரை காயப்போடும் ஷெட்டில் வைத்து. சரக்கு எல்லாம் வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்து வருகிறது, சித்தர் சொன்ன அளவு, வெளியே சொல்லக் கூடாது என்பான்.

என் மனைவி அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போவாள். அவளுடைய பக்தி எனக்கு உறுத்தியதில்லை. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பாள், மார்கழியில் விடியுமுன் எழுந்து பாடுவாள், அமாவாசைக்கு மலையேறுவாள். எந்தச் செடி எப்போது பூத்தது என்பதை என்னைவிடச் சரியாகச் சொல்வாள். பேச்சாளரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதை வீட்டில் நான் மறைத்ததும் இல்லை.

தை மாதம் அவளுக்கு இரத்த அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் பெரிய டாக்டர் என்று சொல்லுகிற ஒருவர் சின்ன மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். பங்குனியில் பார்த்தால் அழுத்தம் குறையவில்லை, ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டினார். சித்திரையில் அவள் கால் வீங்கியது, கொலுசு சதையில் பதிந்தது. அதற்கு வேறு ஒரு டாக்டர். அவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். வைகாசியில் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டு கத்தினாள். மதுரையில் நரம்பு டாக்டர், அவர் ஒரு அட்டை சத்து மாத்திரை. ஆனியில் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. சீப்பை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு டாக்டருக்கும் அவள் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தாள். இவரிடம் போகும்போது அவருடைய கவரை எடுக்க மாட்டாள். இன்னொரு டாக்டர் கொடுத்த மருந்தை இந்த டாக்டர் மேசையில் வைப்பது மரியாதைக் குறைவு என்பது எங்கள் பக்கத்து நாகரிகம். "வேற யார்ட்டயும் காட்டுனீங்களா?" என்று கேட்டால், "இல்ல சார், நேரா ஒங்ககிட்டதான் வந்தோம்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து இங்கே பசிக்கிறது என்று உட்காருவது போல. டாக்டர்களும் அந்தப் பதிலை எதிர்பார்த்தே கேட்டார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ளக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் தேருக்கு ஊரே பந்தல் போட்டுக்கொண்டிருந்த வாரம், அங்கே இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்தவள், கால் இரண்டும் யாருடையதோ என்பது போல மடங்கி உட்கார்ந்தாள். நெஞ்சு படபடக்கிறது என்றாள். அதற்குப் பிறகு பேச்சு குழறியது. தேருக்காக ரோட்டை மறித்திருந்தார்கள். ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்தார், இரத்தம் அனுப்பினார். முடிவு வந்ததும் முகம் மாறியது. "பொட்டாசியம் கிடுகிடுன்னு எறங்கியிருக்கு. இன்னும் எறங்குனா இதயம் நின்னுரும். என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க?"

எனக்குத் தெரிந்த மூன்று டாக்டர்களையும் சொன்னேன்.

"அதெல்லாம் சேத்தாலும் இம்புட்டு எறங்காது. வீட்ல போய் அவங்க வாயில போடுற எல்லாத்தையும் கொண்டு வாங்க. எல்லாத்தையும்னா எல்லாத்தையும். லேகியம், பொடி, சாமி பிரசாதம், எதையும் விடாதீங்க."

நான் கிளம்பும்போது மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒரு டின் இருக்கு" என்றாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

அக்கா வீட்டுக்காரரின் பைக்கில் ராஜபாளையம் போய், கவர்களையும் அந்த டின்னையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். டாக்டர் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். டின்னைத் திறந்து மோந்தார், நுனி விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இனிக்குதே. அதிமதுரம். எம்புட்டு நாளாக் குடிக்காங்க?"

மாசியில் இருந்து, காலையும் மாலையும் என்று கூட வந்திருந்த மனைவியின் அக்கா சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. சர்க்கரை இல்லாமல் இனித்ததால் நாளாக ஆக டம்ளர் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது.

டாக்டர் மாத்திரை அட்டைகளை மேசையில் வட்டமாக அடுக்கிக்கொண்டே பேசினார். "பாருங்க. அதிமதுரம் இம்புட்டுக் குடிச்சா பிரஷர் ஏறும். ஏறுதேன்னு டாக்டர் இந்த மாத்திரையைக் கூட்டியிருக்கார். இதைக் கூட்டுனா சிலருக்குக் கால் வீங்கும். வீங்குதேன்னு இன்னொருத்தர் நீர் மாத்திரை. நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளிய தள்ளும். அதிமதுரமும் தள்ளும். அதனால சதை இழுக்குது, அதுக்குச் சத்து மாத்திரை. பிரஷர் இன்னும் ஏறித்தான் நிக்குது, ஏன்னா டின்னை யாரும் பாக்கல. மறுபடியும் மொதல்ல இருந்து."

மில்லில் நான் எத்தனையோ முறை வரைந்த வட்டம் அது. என் வீட்டுக்குள் மாசியில் இருந்து ஆடி வரை சுற்றியிருக்கிறது. மாதம் மாதமாக எல்லாவற்றுக்கும் தேதி போட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்கு பேர் அவளுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேர் விஞ்ஞானத்தின் பெயரால் கொடுத்தார்கள், ஒருவர் பிரபஞ்சத்தின் பெயரால். மூவரும் ஆளுக்கு ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டார்கள். நாலாமவர் மொத்தப் பிரபஞ்சத்தையும் எடுத்துக்கொண்டார். "நீங்க வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று அவரும் கேட்கவில்லை. அண்டத்தையும் அணுவையும் கட்டத் தெரிந்தவருக்கு ஒரு டம்ளரையும் ஒரு மாத்திரையையும் கட்டத் தெரியவில்லை. இந்த நான்கு பேரையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மெல்லத் தேறினாள். வார்டில் சாய்ந்து உட்காரும் அளவுக்கு வந்ததும் நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? 'ஒன் தம்பிக்குக் கொப்பரை வெல விழுந்துருச்சு, பொடி யாவாரம் பாக்கான்'னு ஊருக்கே கேக்கச் சிரிப்பீக. அதான் பின்னால வச்சேன்."

"அதுக்காக உயிரைக் குடுப்பியா?"

"டாக்டர்ட்ட மரியாதைக்காவ மறைச்சேன். ஒங்ககிட்ட ஒங்க வாய்க்காவ மறைச்சேன். அந்த டாக்டர்ப் பிள்ளை மேசையில வட்டம் போட்டாள்ல, அதுல ஒங்க வாயையும் ஒரு ஓரமா வச்சுருக்கணும்."

நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. சிரிப்பு பொட்டாசியத்தை இறக்காது. ஆனால் அவள் சொன்னது எழுதப்பட வேண்டிய ஒன்று என்பதால் எழுதுகிறேன்.

ஆவணியில் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. சிலந்தி வலை முடிந்து அண்டம் வந்துகொண்டிருந்த சமயம், மைத்துனன் மைக்கை வாங்கினான்.

"எங்க அக்கா ஆடி மாசம் சாவோட வாசல்ல போய் நின்னுட்டு வந்தாக. நம்ம எல்லாரும் சேந்து பண்ணுன தியானந்தான் காப்பாத்துச்சு. இந்தா ஒக்காந்துருக்காக!"

கைத்தட்டல். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்தேன்.

"ஒரு கேள்வி. அவளை எழுப்பி விட்டது தியானம்னே வச்சுக்குவோம். படுக்கப் போட்டது எது?"

பேச்சாளர் புன்னகைத்தார். "நீங்க ஒரு காரணத்தைத் தேடுறீங்க. அது பழைய சிந்தனை. காரணம்னு ஒண்ணு தனியா கிடையாது. பிரபஞ்சமே காரணம்."

"மில்லுல நூல் அந்துபோயி, மேனேஜர் ஏன்னு கேக்கும்போது பிரபஞ்சமே காரணம்னு சொல்லிருந்தா என்னை அன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிருப்பாங்க."

பின்வரிசையில் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "மில்லுல நூல் பாத்தே பழகி, வீட்டம்மாவையும் நூல்கண்டுன்னு நெனச்சுட்டாரு போல!"

சிரிப்பு. "ஒக்காருங்க சார்" என்று நாலைந்து பேர். "செத்த நேரம் சும்மா இருக்க முடியாதாய்யா?" என்று இன்னொருவர். நான் உட்காரவில்லை. அதிமதுரம், பிரஷர், நீர் மாத்திரை என்று தொடங்கினேன். மைக் இல்லாததால் முதல் வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். பேச்சாளர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடியதற்கும் கைத்தட்டினார்கள்.

மனைவி எழுந்தாள். எனக்காக எழுந்தாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. மேடைக்குக் கீழே போய்த் தம்பியைப் பார்த்து நின்றாள்.

"ஏலே, உள்ள என்னென்ன இருக்குன்னு டின்னு மேல எழுதிப் போடு. அம்புட்டுதான் கேக்கேன்."

"அக்கா, கூட்டத்துல வச்சா?"

"வேற எங்க வச்சுக் கேக்க? இங்கனதானலே விக்க."

"அது சித்தர் சொன்ன அளவு. வெளிய சொல்லக் கூடாதுக்கா."

"சித்தர் எனக்குச் சீப்புப் புடிச்சு விட்டாராலே? பிரஷர் மாத்திரை திங்கிறவக குடிக்காதீகன்னு ஒரு வரி எழுது. எழுதுனா என்ன கொறஞ்சு போயிருவ?"

அவன் பேச்சாளரைப் பார்த்தான். பேச்சாளர் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, சந்தேகம் வந்த மருந்து வேலை செய்யாது" என்றார்.

"எனக்கு நம்பிக்கை இருந்தப்பதான் அது நல்லா வேலை செஞ்சது அய்யா" என்றாள்.

இதற்கு யாரும் கைத்தட்டவில்லை. நாங்கள் வெளியே வந்தோம். செருப்பு போடும் இடத்தில் ஒரு அம்மாள் பின்னாலேயே வந்து, சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினார். விரல் வைத்து அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. "நானும் ரெண்டு வேளை குடிக்கேன்" என்றார். என் மனைவி அவரைப் படியில் உட்கார வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொன்னதை முதலில் இருந்து சொன்னாள். வட்டம் போட அவளிடம் மாத்திரை அட்டைகள் இல்லை. அங்கே கிடந்த செருப்புகளை எடுத்து வட்டமாக வைத்துச் சொன்னாள்.

மைத்துனன் தீபாவளிக்கு வரவில்லை. அவன் அனுப்பும் தேங்காயும் வரவில்லை. கார்த்திகையில் புதிய லேபிளுடன் டின் கடைக்கு வந்திருப்பதாகத் தெரிந்து, போய்ப் பார்த்தேன். சிலந்தி வலைப் படம் போட்டு, 'முழுமையின் சுவை' என்று அச்சடித்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை.

அதே மாதம் பெரிய டாக்டரிடம் போனோம். மனைவி மஞ்சப்பையோடு வந்தாள். கவர் எல்லாம் போய், இப்போது எல்லாமே அந்த ஒரு பைக்குள். பேர் கூப்பிட்டதும் உள்ளே போய் அவருடைய கண்ணாடி மேசையில் தலைகீழாகக் கொட்டினாள். மதுரை டாக்டரின் மாத்திரை, கால் வீக்கத்துக்கு எழுதியவரின் சீட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீட்டு, காலி டின். ஒரு மாத்திரை அட்டை சறுக்கி அவர் மடியில் விழுந்தது.

"என்னம்மா இதெல்லாம்? மத்தவங்க குடுத்ததை ஏன் எங்கிட்டக் கொண்டு வர்றீங்க? அவங்ககிட்டயே போய்க் கேளுங்க."

"எல்லாம் ஒரே ஒடம்புக்குள்ளதான சார் போகுது."

அவர் என்னைப் பார்த்தார், ஒரு ஆண்பிள்ளை சொல்லி அடக்குவான் என்ற எதிர்பார்ப்பில். நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கூட்டம் இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்றாள். மணியைப் பார்த்தார். பிறகு, எரிச்சல் குறையாமலே, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்தார். இரண்டைத் தள்ளி வைத்து, "இது வேண்டாம், இதுவும் வேண்டாம்" என்றார். தான் எழுதிய மாத்திரையில் பாதியைக் குறைத்தார். ஏன் என்று சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு மண்டபத்தில் எல்லோரும் தேடிய பாலத்தை நான் பார்த்தது அந்தக் கண்ணாடி மேசையில்தான். ஒருவருக்கும் பிடிக்காத விதத்தில், முகத்தைச் சுளித்துக்கொண்டு போடப்பட்டது. மார்கழியில் பாடுகிறவள் போட்டது.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கும்போது, அட்டை டாக்டர் மடியில் விழுந்தது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் நின்றாள்.

"சிரிக்காதீக" என்றாள். "இன்னைக்கு நான் பையை ஒங்களுக்காகக் கொட்டல."

பையை என்னிடம் தரவில்லை. அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.